குணா மாமாவுக்கு ஒரு வேட்டைச் சட்டை

திருப்பூரில் இருந்துகொண்டு சட்டை எடுக்க விமானம் ஏறிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கம்பெனியில் லீவு கேட்டபோது "அக்கா வீட்டுக்கு" என்று மட்டும் சொன்னேன். ஏற்றுமதிக்குப் போகும் பனியன்களின் தையலை இழுத்துப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. உலகத்துக்கே உடுப்பு அனுப்பும் ஊர்க்காரி, மலேசியாவில் தைத்த சட்டை வாங்க மலேசியாவுக்கே போகிறாள் என்று தெரிந்திருந்தால் கேன்டீனில் என்னை ஒரு மாதத்துக்கு வைத்துச் செய்திருப்பார்கள்.

என்னைக் கூப்பிட்டது அக்கா தனம். கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் குணா மாமா துறைமுகத்துக்கு லாரிகள் விடுகிறார். ஒரு வருடமாக அவருக்குக் காட்டுப்பன்றி வேட்டைப் பித்து. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் லிம் அங்கிள் என்பவர் தலைமையில் ஒரு குழு ஞாயிறுதோறும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்குப் போகிறது. இளங்கன்றுகளின் குருத்தைப் பன்றிகள் தோண்டித் தின்பதால் தோட்டத்தாரே கூப்பிட்டு விடுவார்களாம். எங்கள் பக்கம் சோளக்காட்டைப் பன்றி துவம்சம் செய்தாலும் தகரத்தைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கை வைத்தால் கேஸ்.

மாமாவிடம் துப்பாக்கி கிடையாது. வரிசையில் நின்று, பன்றியைத் துப்பாக்கிக்காரர் பக்கம் ஒதுக்கிவிடும் ஆட்களில் அவர் ஒருவர். அதிலும் பெயர் கெட்டுப் போயிருந்தது. வெளிநாட்டு ஜாக்கெட் ஒன்றை ஆசையாக வாங்கியிருக்கிறார். பையைத் திறக்கும் போதெல்லாம் அதன் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை "கர்ரக்" என்று கத்தும். பன்றிகள் பக்கத்து மாநிலத்துக்கே ஓடிப்போகும். அந்த ஜாக்கெட்டுக்குள்ளேயே வெந்து ஒருமுறை மயங்கியும் விழுந்திருக்கிறார். கடைசியில் லிம் அங்கிள் சொல்லிவிட்டார்: வருகிற ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. சத்தம் போடாத, இந்த ஊர் வெயிலுக்கு இந்த ஊரிலேயே செய்த சட்டையோடு வரவேண்டும். இல்லையென்றால் இனி எப்போதும் வண்டிக்குக் காவலும் சமையலும்தான்.

"மனுசன் சோறே சரியாத் திங்கறதில்ல கோகி," என்று அக்கா போனில் சொன்னாள். "பசங்க ரெண்டும் படிக்கப் போன பின்னாடி அவருக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் சந்தோசம். அதையும் புடுங்கிட்டா என்னத்துக்கு ஆவாரு? நீ துணிக்காரி, வந்து ஒரு சட்டை பார்த்துக் குடு லா." கொங்குத் தமிழுக்குப் பின்னால் ஒரு மலேசிய 'லா' வந்து உட்கார்ந்ததைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டேன்.

மாமா விமான நிலையத்திலிருந்து என்னைத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நேராகக் கூட்டிப்போனார். அவர் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் அந்தப் பயணம் முழுக்க ரயிலும் வாடகை வண்டியும்தான். இலையில் மொறுமொறுவென்று பாகற்காய் வறுவல். அதை மட்டும் நான்கு முறை கேட்டேன், நாலாவது முறை பரிமாறுகிறவர் கிண்ணத்தையே வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு என்று வரிசை உண்டு. மாமாவோ மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு மூன்றையும் ஒரே குன்றில் ஊற்றிப் பிசைந்தார். முகம் சுளித்தவள் ஒரு வாய் தின்று பார்த்தேன். இத்தனை வருடம் வரிசையில் சாப்பிட்டு என்ன கண்டேன் என்று தோன்றியது.

"கோகிலா, என்னைப் பாத்தா பன்னி வேட்டையில சத்தம் போடுற ஆள் மாதிரியா இருக்கு?" என்று மாமா கேட்டார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இல்லீங்க மாமா," என்றேன். மரியாதைக்கு.

பக்கத்து மேசையில் ரசத்தை டம்ளரில் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் உடனே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "அண்ணே, பன்னி வேட்டையா? பங்சார்ல ஒரு கடை இருக்கு, எல்லாம் டாப் சாமான். பக்கம்தான், போய்ப் பாருங்க." அறிமுகமில்லாத ஒருவர் இவ்வளவு உற்சாகமாக வழி சொன்ன பிறகு போகாமல் இருப்பது அழகல்ல.

பங்சார் கடையில் ஏசி பனிக்கட்டியாக இருந்தது. அந்தக் குளிருக்குள் மட்டும்தான் அணிய முடியும் என்கிற மாதிரி உடுப்புகள். விற்பனைக்கு நின்ற தம்பி மாமாவுக்கு ஒரு கோட்டை மாட்டிவிட்டு, "மைனஸ் டிகிரிக்கும் தாங்கும் பாஸ்," என்றார். உள்ளே கம்பளி. தலைமூடியின் விளிம்பில் முயல் ரோமம் போல ஏதோ ஒன்று. மேலே மறைவுக்காக அச்சடித்த இலைகளோ சிவப்பும் காவியும் மஞ்சளும். இந்த நாட்டில் எந்த மரம் காவி நிறத்தில் இலை உதிர்க்கிறது? செம்பனைக்குள் இதைப் போட்டுக்கொண்டு நின்றால் பழுத்த தக்காளி போலத் தெரிவார். மாமா கண்ணாடியில் தன்னை ரசித்துக்கொண்டிருந்தார். நான் அக்குளைப் பிரித்துப் பார்த்தேன். காற்றோட்டம் கிடையாது, தையல் தடிப்பு, கை அசைந்தால் சரசரப்பு. கழற்றுங்கள் என்றேன். கழற்றும்போது ஒட்டுப்பட்டை "கர்ரக்" என்றது. அவர் முகம் செத்துப்போயிற்று.

கிள்ளானுக்கு கோமுட்டர் என்னும் புறநகர் ரயில். ஓடிவந்து ஏறி, மாமா சாய்ந்து உட்கார்ந்து, காலணியைக்கூடத் தளர்த்திவிட்டார். எதிரே இருந்த மலாய் அம்மா மெல்ல எழுந்து வந்து ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தாள்: "உங்க சார் பொம்பளையா இருந்தா தாராளமா உட்காரலாமாம்." பெட்டி முழுக்க இளஞ்சிவப்பு ஸ்டிக்கர்கள். பெண்களுக்கான பெட்டி. நாற்பது வருடமாக இதே ஊரில் வாழும் மாமா காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடினார்.

நான் மூன்று குழம்பின் மயக்கத்தில் தூங்கிப்போனேன். கிள்ளானில் இறங்கிய மாமா, கண்ணாடியைத் தட்டிக்கொண்டே பிளாட்பாரத்தின் கோடி வரை என் பெட்டியோடு ஓடிவந்தாராம். எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது ரயில் காலியாக நின்றது, கடல் வாசம் அடித்தது. துறைமுகக் கடைசி ஸ்டேஷன். உள்ளூர் சிம் கார்டுகூட வாங்கியிருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கப்பல்களின் பாரந்தூக்கிகளை வேடிக்கை பார்த்தேன். அடுத்த ரயிலில் மாமா வந்து இறங்கினார். கையில், கயிறு கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் ஐஸ் டீ, அதில் ஒரு உறிஞ்சுகுழல். திட்டுவார் என்று பார்த்தால், "இந்த ஸ்டேஷன நானும் பாத்ததில்ல, நல்லா இருக்குல்ல?" என்றார். இப்படிப்பட்ட மனிதருக்கு எப்பாடுபட்டாவது ஒரு சட்டை பிடித்துக் கொடுத்தே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாள் செராஸ். ஒரு கடை வரிசையின் மாடியில், அக்கா விசாரித்துச் சொன்ன ரஷீதாவின் தையற்கூடம். கால்பந்து, மீன்பிடி ஜெர்சிகள்தான் அவளுடைய பிழைப்பு. வேட்டைக்காரர்களுக்கென்று தனி அறை. துணி அச்சு முதல் பொத்தான் தைப்பது வரை எல்லாம் அங்கேயே. என் வயதுதான் இருப்பாள், நாக்கு மட்டும் என்னுடையதைவிட நீளம்.

"திருப்பூரா? ஓ, பனியன் ஊரு!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "பனியன் மட்டுமில்லீங்க, எல்லாமும் போடறோம்," என்று சொல்லிவிட்டு அவள் தைத்த வேட்டைச் சட்டை ஒன்றைப் பிடித்து உள்பக்கம் திருப்பினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். தையலை இழுத்தேன், விடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், உருண்டு ஓடியது. நகத்தால் கீறினேன், செம்பனை முள்ளுக்குத் தாங்கும். அக்குளில் வலை. பைகளுக்கு ஒட்டுப்பட்டை இல்லாமல் துணி சுற்றிய பொத்தான். மேலே அச்சடித்திருந்ததோ அசல் செம்பனை மட்டையும் அதன் நிழலும். தோட்டத்துக்கே போய் எடுத்த படமாம்.

"பருத்தியா இருந்தா இன்னும் சத்தம் வராதுங்களே," என்று கடைசியாக ஒரு கொக்கி போட்டேன்.

"அக்கா, பருத்தி வேர்வையக் குடிச்சிட்டு ஒம்பது மணிக்கெல்லாம் ரெண்டு கிலோ ஆயிடும். உங்க மாமா சட்டையச் சுமப்பாரா, பன்னியப் பாப்பாரா?"

பருத்தியால் வாழும் ஊரின் மானத்தை உத்தேசித்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பிறகு ரஷீதா கையை உயர்த்தினாள். மெஷின்கள் எல்லாம் நின்றன. தைப்பவர்கள் அனைவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவளுடைய வழக்கம் அதுதான்: வாங்குகிறவர் சட்டை போட்டுக்கொண்டு அறையைச் சுற்றி நடக்க வேண்டும், காதில் விழுந்தவர்கள் கையைத் தூக்க வேண்டும். மாமா பூனை நடை நடந்தார். எல்லாக் கைகளும் மேலே போயின. பையில் சாவிக்கொத்து. அதை எடுத்து வைத்துவிட்டு மறுபடி நடந்தார். இரண்டு கைகள் உயர்ந்தன. கால்சட்டைத் தொடைகள் உரசுகின்றன என்று ரஷீதா ஒரு அளவு பெரியதாகக் கொடுத்தாள். மூன்றாம் முறை நிசப்தம். காற்றாடியின் ஓசை மட்டும். மூலையில் திரும்பும்போது "மடக்" என்று ஒரு சத்தம்.

"அது சட்டை இல்ல," என்றார் மாமா பரிதாபமாக. "என் முட்டி."

அந்த அறை வெடித்துச் சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரஷீதா என் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சட்டை, கால்சட்டை, அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை காலுறை, சுடுகிறவர் கண்ணில் படும்படி ஒரு ஆரஞ்சு மேல்சட்டை எல்லாம் கட்டிக் கொடுத்தாள். வாசல் வரை வந்து என்னிடம் தனியாகச் சொன்னாள்: "சோப்பு போடாதீங்க. சென்ட் பக்கமே போகக் கூடாது. பன்னிக்குக் கண்ணு மந்தம், மூக்குதான் எல்லாம்."

"எனக்குச் சொல்லோணுமாங்க?" என்றேன் நான், பெரிய இவளாட்டம்.

சனிக்கிழமை முழுக்க அந்தச் சொல்லைக் காப்பாற்றினோம். வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினோம். மாமா வெள்ளிக்கிழமை இரவிலிருந்தே சோப்பைத் தொடவில்லை, பவுடர் போடவில்லை. அக்கா கூடத்தில் படுத்துக்கொண்டாள். காலையில் ரொட்டி சானாய் தின்னப் போனபோது பொரியல் வாடை ஒட்டிவிடும் என்று கடைக்குள் வராமல் சாலையோரத்தில் நின்றே சாப்பிட்டார். கடைக்காரர் அக்காவிடம், "அண்ணனுக்கும் உங்களுக்கும் சண்டையா ஆன்டி?" என்று இரகசியமாக விசாரித்தார்.

மாலையில் அக்கா விளக்கேற்றினாள். புதுத்துணியை மடித்துச் சாமிப் படங்களின் முன்னே வைத்தாள். "மஞ்சளு?" என்றேன். அவள் குழைத்துக் கொண்டுவந்தாள். காலரின் உள்மூலையில் நான் ஒரு பொட்டு வைத்தேன், கால்சட்டையில் ஒன்று, ஆரஞ்சு மேல்சட்டையிலும் ஒன்று. பொங்கலுக்கு எடுத்த சட்டையானாலும் பள்ளிக்கூடச் சீருடையானாலும் மஞ்சள் படாத புதுத்துணி எங்கள் வீட்டில் யார் உடம்பிலும் ஏறியதில்லை. அக்கா தூபக்காலில் கங்கு போட்டு, ஒரு கை சாம்பிராணியை அள்ளித் தூவினாள். நல்லபடியாக அமைய வேண்டும் என்று சட்டையை அந்தப் புகையில் முன்னும் பின்னும் காட்டினாள், கையை உள்ளே விட்டுத் திருப்பியும் காட்டினாள். மாமா கண்மூடிக் கும்பிட்டார். ரஷீதா சொன்னது மூவரில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. சென்ட் என்றால் பாட்டிலில் வருவதுதானே?

ஞாயிறு விடிகாலை லிம் அங்கிளின் வண்டி வாசலில் நின்றது. தமிழர்கள் வாழும் தோட்டத்தில் வளர்ந்த சீனர். எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுகிறார். வண்டியோடு இருப்பதாக வாக்குக் கொடுத்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார். எல்லாரும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி போனோம். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டிருந்தது. செமினி என்ற ஊரைத் தாண்டியதும் லிம் அங்கிள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார்.

"யாருடா கோயில வண்டிக்குள்ள ஏத்தினது?"

ஒவ்வொருவராக மோந்துகொண்டு வந்தார். மாமாவின் காலரில் மூக்கை வைத்தார். மஞ்சள் பொட்டைப் பார்த்தார். எனக்குத் தையலை இழுத்துப் பார்க்கத் தெரிந்தது, தண்ணீர் விட்டுப் பார்க்கத் தெரிந்தது, மூக்கு மட்டும் வேலை செய்யவில்லை.

"தப்பு எங்க மேலதானுங்க அங்கிள்," என்றேன். "புதுத்துணிக்கு வழக்கமாச் செய்யறது. மாமாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"என்கிட்ட சொல்லி என்ன? பன்னிகிட்ட போய்ச் சொல்லு லா."

மாற்றுச் சட்டை கேட்டுப் பார்த்தோம். குழுவில் மற்ற எல்லாரும் ஒல்லி. ஒருவரின் சட்டையில் மாமாவின் ஒரு கைதான் நுழைந்தது. தோட்டத்தை அடைந்ததும் மற்றவர்கள் செம்பனை வரிசைக்குள் இறங்கி மறைந்தார்கள். மாமா வண்டியின் பின்கதவைத் திறந்து, அடுப்பை எடுத்து வைத்து, அரிசியைக் களைய ஆரம்பித்தார். சட்டையில் ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு அருமையான சட்டை. எனக்கு அழுகை வந்தது.

"விடு கோகிலா," என்றார். "சட்டை நல்லாத்தான் இருக்கு." அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உலை கொதிக்கும்போது லிம் அங்கிள் தனியாகத் திரும்பி வந்தார், வேர்த்து விறுவிறுத்து. ஓடைக்கு அப்பால் பெரணிப் புதர் ஒன்றுக்குள் பன்றிகள் படுத்திருக்கின்றன, கிளம்ப மாட்டேன் என்கின்றன. கத்தினால் நாலு திக்கிலும் சிதறிவிடும், துப்பாக்கி இருப்பது ஒரு பக்கம்தான். அவர் காய்ந்த புல்லைக் கசக்கி மேலேயிருந்து உதிர்த்தார். அது எங்கள் பக்கமிருந்து புதரை நோக்கிப் பறந்தது. மறுபடி உதிர்த்தார். பிறகு மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தார்.

"குணா, அடுப்ப அணை. எந்திரி."

ஓடைக்கரை மேட்டில், காற்று வரும் பக்கமாக மாமாவைக் கொண்டுபோய் நிறுத்தினார். வண்டியிலிருந்தே எனக்குத் தெரிந்தது. "பேசாத. இருமாத. நகராத. சட்டைய மட்டும் லேசா ஆட்டு," என்று சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு துப்பாக்கிப் பக்கம் ஓடினார்.

மாமா சட்டையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு, சமையற்காரர் வேர்வைக்கு விசிறிக்கொள்வது போல ஆட்டினார். ஒரு சலசலப்பு இல்லை. என் மூக்குக்கே அக்காவின் பூஜையறை வந்து போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் பெரணி மெதுவாக அசைந்தது. எங்கிருந்து இந்த வாசம், ஆளா, புகையா என்று விளங்காமல், ஆனால் ஓடும் அளவுக்குப் பயமும் இல்லாமல், பன்றிகள் எழுந்து எதிர்ப்பக்கமாக நடக்கின்றன என்று புதரின் அசைவிலேயே தெரிந்தது. மாமா ஆட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு வெடிச் சத்தம் கேட்டது.

பன்றியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அறுத்துப் பங்கு வைப்பது லிம் அங்கிளின் வேலை. வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் செம்பனை மட்டை விரித்து அதில் ஒரு பங்கு. வண்டியோடு இருப்பவர்களுக்குச் சாப்பாடு உண்டு, பங்கு கிடையாதாம். மாமா வரிசையில் நின்ற நாளெல்லாம் பன்றி தப்பியது, பன்றி விழுந்த நாளெல்லாம் அவர் வண்டிக் காவலில் இருந்தார், ஒரு வருடத்தில் அவருக்கென்று மட்டை விரித்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் பாட்டில்களையும் கயிற்றையும் பொறுக்க ஆரம்பித்திருந்தார்.

"டேய் குணா!" என்று லிம் அங்கிள் கத்தினார். "உன் பங்க யாரு தூக்குவா? நானா?"

மாமா திரும்பினார். மட்டைகளைப் பார்த்தார். பாட்டில்கள் கையிலிருந்து நழுவி விழுந்தன. நடந்து வந்து, குனிந்து, இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் காத்து எந்தப் பக்கம்னு சனிக்கிழமையே போன் பண்றேன்," என்றார் லிம் அங்கிள். "புகை போடணுமா வேணாமான்னு உன் வீட்டுக்காரம்மாகிட்ட நானே பேசிக்கறேன்."

கிள்ளான் வரை மாமா அந்தப் பங்கை மடியிலேயே வைத்திருந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. நானும் அவரைத் தொந்தரவு செய்யாமல் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டு முனை திரும்பியதும், வண்டி நிற்பதற்கு முன்பே, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"தனம்! பெரிய சட்டிய எடு!"

அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.